காசுக் கணக்கு இங்கே எடுபடாது

அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பாடசாலைக்குக் கட்டற்ற மென்பொருள் வேண்டும் என்று பேச வருகிறவர்கள், "இது இலவசம், உரிமக் கட்டணம் மிச்சம்" என்றுதான் தொடங்குவார்கள். கொழும்பில் அந்தப் பேச்சு எடுபடாது. ஏனென்றால் இங்கே எல்லாமே இலவசம்தானே! கணினி வாங்கப் போனால் விண்டோஸ், ஆபீஸ், ஃபோட்டோஷாப் எல்லாம் போட்டுத்தான் தருகிறார்கள். உரிமத்துக்கு யார் காசு கொடுத்தது என்று நாமும் கேட்பதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பரீட்சையில் பார்த்தெழுதிய பிள்ளையைத் தண்டிக்கிற நாம், களவுப் பிரதியை வைத்துக்கொண்டு அதே பிள்ளைக்குப் பதிப்புரிமை பற்றிப் பாடம் நடத்துகிறோம்.

சரி, காசை விடுவோம். வேறு என்ன இருக்கிறது? கட்டற்ற மென்பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உயர்தரத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் பைதான் நிரல்மொழி அப்படிப்பட்டதுதான். அதாவது இந்த விருந்தாளி ஏற்கெனவே பாடத்திட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று. நாம்தான் கவனிக்கவில்லை.

இந்தச் சுதந்திரம் எதற்கு உதவும் என்று கேட்டால், கொழும்பிலேயே பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களைப் பதிய வேண்டும், எந்த முகாமில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும், எந்த நிறுவனம் எங்கே என்ன உதவி செய்கிறது என்று பார்க்க வேண்டும். கையோடு எடுத்துப் பயன்படுத்த ஏற்ற மென்பொருள் கிடைக்கவில்லை. இங்கிருந்த தொண்டர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். அதுதான் 'சஹானா'. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் போன்ற கட்டற்ற கருவிகள் இருந்தபடியால் அவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்து நிற்கவில்லை. அப்புறம் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006க்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. இந்தக் கதையைத் தரம் 10 பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பில் கேட்ஸைத் தெரியும், சஹானா தெரியாது.

இன்னொரு விஷயம் தமிழ். நம்முடைய வினாத்தாள்களில் எத்தனை இன்னும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன! அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது, தேடவும் முடியாது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில், எந்தக் கணினிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோட்டில் எழுத நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பே கிடைக்கிறது. ஆபீஸுக்குப் பதிலான லிப்ரே ஆபீஸையும் ஃபயர்பாக்ஸ் உலாவியையும் தமிழ் இடைமுகத்தோடு வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு சில இடங்களில் பல்லைக் கடிக்க வைக்கும், உண்மைதான். ஆனால் பிழையைக் கண்ட பிள்ளை திருத்தி அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் உலகத் தமிழருக்கெல்லாம் அது போய்ச் சேரும்.

பெற்றோர் கேட்பது தெரிந்த கேள்வி: "வேலைக்குப் போனால் வேர்டும் எக்செல்லும்தானே கேட்பார்கள்?" 2003 ஆபீஸில் மெனு மெனுவாகப் பாடமாக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். 2007இல் அந்த மெனுக்களையெல்லாம் எடுத்துவிட்டு ரிப்பன் என்ற பொத்தான் பட்டையைக் கொண்டுவந்தார்கள். பாடமாக்கியவர்கள் திண்டாடினார்கள், விரிதாள் என்றால் என்ன என்று விளங்கிப் படித்தவர்கள் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கூட்டல் சூத்திரம் எக்செல்லிலும் ஒன்றுதான், லிப்ரே ஆபீஸின் கால்க்கிலும் ஒன்றுதான்.

கேரளத்தில் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2001இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரச பாடசாலைகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். அங்கே வெறும் சிடியைக் கொடுத்து அனுப்பவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலையும் அந்த மென்பொருளை வைத்தே எழுதினார்கள். இப்போது 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் கழகங்களே இருக்கின்றன. இங்கே நடப்பது வேறு. யாரோ ஒருவர் ஆர்வத்தில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுப்பார். அவர் இடமாற்றம் பெற்றுப் போவார். கணினி பழுதாகும். திருத்தக் கொடுத்தால், கடைக்காரத் தம்பி அன்போடு ஃபார்மட் பண்ணி, களவு விண்டோஸ் போட்டுத் திருப்பித் தருவார்! அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் சொல்லி அனுப்பவில்லை.

அதனால் மாற்றத்தைக் கணினி ஆய்வுகூடத்தில் தொடங்காமல், ஆசிரியரின் மடிக்கணினியில் தொடங்குங்கள் என்பேன். பாடக்குறிப்பும் புள்ளிப் பட்டியலும் ஒரு தவணைக்கு லிப்ரே ஆபீஸில் ஓடட்டும். அதை விண்டோஸிலேயே போடலாம், எதையும் அழிக்க வேண்டியதில்லை. கூடத்தின் முறை அதற்குப் பிறகுதான். அங்கே ஓர் அவசரமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்ற முடியாது. அவற்றைக் கழித்துவிடத் தேவையில்லை. 4 ஜிபி நினைவகம் இருந்தால், இலகுவான லினக்ஸ் வகைகளான லுபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்போ தாராளமாக ஓடும்.

பிரின்டரையும் ஸ்மார்ட் போர்டையும் மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். சில மாதிரிகள் லினக்ஸோடு மல்லுக்கட்டும். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்கி, பதியாமலே பார்க்கலாம். கூடத்துக்கு அடுத்த பிரின்டரை வாங்கப் போகும்போது அந்தப் பென் டிரைவையும் கடைக்கு எடுத்துப் போங்கள்.