பால் சர்க்கரையின் பின்னால் போனவர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஆய்வு மேலங்கி போட்ட ஒரு மனிதர் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய நாற்காலியின் இருக்கை பிய்ந்துபோய், கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. அவர்தான் அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலுவார், 1970இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கியவர்.

இந்தப் படத்தைக் காட்டி அவரை ஏழை விஞ்ஞானி என்று சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. லெலுவார் பெரிய நிலக்கிழார் குடும்பம். ஏழ்மை அவருடைய ஆய்வுக்கூடத்துக்குத்தான். புவனோஸ் ஐரஸில் மருத்துவம் படித்து, பெர்னார்டோ ஊசாய் என்ற ஆசிரியரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். 1943இல் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டதற்காக ராணுவ அரசு ஊசாயைப் பதவியிலிருந்து நீக்கியது. சீடரும் அமெரிக்கா போய்விட்டார். திரும்பி வந்ததும், காம்போமார் என்ற ஜவுளித் தொழிலதிபர் கொடுத்த பணத்தில் 1947இல் ஒரு சின்ன வீட்டில் ஆய்வு நிலையம் தொடங்கியது. மழை வந்தால் நூலகம் ஒழுகும். புத்தகம் நனையாமல் தண்ணீரைத் திருப்பிவிடப் பீலி கட்டினார்கள். குளிரூட்டி இல்லாத சென்ட்ரிஃபியூஜை, அதாவது திரவத்தை வேகமாகச் சுழற்றிப் பொருள்களைப் பிரிக்கும் கருவியைச் சுற்றி டயர் ட்யூபில் பனிக்கட்டியும் உப்பும் நிரப்பி வைத்த கதை அதற்கும் முந்தியது.

சரி, அந்த வீட்டில் என்ன செய்தார்கள்?

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அது குடலில் உடைந்தால் குளுக்கோஸ் ஒன்று, காலக்டோஸ் ஒன்று. இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான். நான்காவது கார்பனில் தொங்கும் ஒரு சின்ன அணுக்கூட்டம் மட்டும் திசை மாறி இருக்கும்; கதவின் கைப்பிடியை உள்பக்கத்துக்குப் பதில் வெளிப்பக்கம் மாட்டிய மாதிரி. காலக்டோஸைக் குளுக்கோஸாக்க, உடல் அதைத் திருப்பி மாட்டியாக வேண்டும். எப்படி மாட்டுகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

லெலுவாரும் கபுட்டோ, கார்டினி, பலடினி முதலிய நண்பர்களும் பால் சர்க்கரை தின்று வளரும் ஒரு ஈஸ்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் சாற்றிலிருந்து நொதிகளை, அதாவது வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதங்களைப் பிரித்தால், சர்க்கரையை மாற்றும் வேலை மந்தமாகிவிடும். ஆனால் கொதிக்க வைத்த சாற்றைக் கொஞ்சம் சேர்த்தால் மறுபடி சூடுபிடிக்கும். கொதித்தால் நொதி வெந்த முட்டை மாதிரி கெட்டுப்போகும். அப்படியானால் அந்தச் சாற்றில் வெப்பம் தாங்கும் உதவியாள் யாரோ இருக்கிறார்!

தேடப் போனதில் முதலில் அகப்பட்டது இன்னொரு படிக்கு வேண்டிய துணைப்பொருள். அதுவும் புதிய கண்டுபிடிப்புதான். அப்புறம்தான் அசல் ஆள் சிக்கினார். புற ஊதாக் கதிரை அவர் உறிஞ்சும் விதம், உயிரணுக்களில் உள்ள அடினோசின் என்ற பொருளைப் போல இருந்தது, ஆனால் அச்சாகப் பொருந்தவில்லை, அதே வகையைச் சேர்ந்த யூரிடினோடு பொருந்தியது. யூரிடின் டைபாஸ்பேட் குளுக்கோஸ் என்று பெயர் வைத்து 1950இல் அறிவித்தார்கள். பெயர்தான் நீளம். வேலை எளிது: சர்க்கரையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகும் சுமைகூலி. சுமை தலையில் இருக்கும்போதே அந்தக் கைப்பிடியை ஒரு நொதி திருப்பிவிடுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். ஈரலில் குளுக்கோஸைச் சேமிக்கும் கிளைகோஜனை உடைக்கும் நொதியே அதைக் கட்டவும் செய்கிறது என்று பலர் நம்பியிருந்தார்கள். சோதனைக் குழாயில் அது கட்டியும் காட்டியது. 1957இல் லெலுவாரும் கார்டினியும், கட்டுவதற்குத் தனிப் பாதை, தனி நொதி, அதற்கும் இதே சுமைகூலிதான் என்று காட்டினார்கள். பிறகு தாவரங்களின் மாவுச்சத்துக்குப் போனார்கள். அங்கே சுமப்பது யூரிடினின் பங்காளி அடினோசின். நம் இட்லி அரிசியின் மாவும் நெல்மணிக்குள் அப்படித்தான் சேர்கிறது.

சில குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே இந்தக் காலக்டோஸ் பாதையில் ஒரு நொதி இருக்காது. தாய்ப்பால் குடித்த சில நாட்களில் மஞ்சள் காமாலை வரும், ஈரல் கெடும், கண்ணில் புரை விழும். இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைப் பார்த்துவிடுகிறார்கள். குறை தெரிந்தால் உடனே பாலை நிறுத்தி, சோயாவில் செய்த பால்மாவு கொடுக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.