சாக்குப் பையும் பதினோராயிரம் டாலர் கல்லும்

வணக்கம் மக்களே. கையில் காபி டம்ளர் இல்லையே என்று தேடாதீர்கள். மணி மூன்று, வெளியே 112 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 44-ஐத் தாண்டிவிட்டது. இன்றைக்கு மோர்தான்.

பின்னால் தெரிகிறதே, அது நம் குளத்தங்கரை. கொல்லையில் இருக்கும் சின்ன நீச்சல் குளத்தைக் குளத்தங்கரை என்று நான் சொல்லிச் சொல்லி, நீங்களும் கமென்ட்டில் அப்படியே எழுதுகிறீர்கள். இன்றைக்குப் பேச்சு தண்ணீரைப் பற்றி இல்லை. சுற்றியிருக்கும் தரையைப் பற்றி. குளத்திலிருந்து கொல்லைக் கதவுக்குப் பதினான்கு எட்டு. அந்தப் பதினான்கையும் என் பையன் குதித்துக் குதித்து வருவதைப் போன வருட வீடியோவில் பார்த்துச் சிரித்தீர்கள். இந்த வருடம் சிரிப்பு வரவில்லை, உள்ளங்காலில் கொப்பளம் வந்துவிட்டது. செருப்புப் போட்டுக்கொள் என்றால் குளத்துக்குள் யார் செருப்போடு இறங்குவார்கள் என்கிறான். நியாயம்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு: நாங்கள் இருப்பது அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லர். 2023-இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் குறையாமல் காய்ந்தது. அந்த வருடம் நாங்கள் குளத்தைப் பகலில் தொடவே இல்லை. இங்கே அரிசோனா தீக்காய மையம் என்று ஒன்று இருக்கிறது. கோடை வந்தால், ரோட்டிலும் தரையிலும் விழுந்தே தோல் வெந்து போனவர்களை அங்கே கொண்டு வருகிறார்கள். தரையில் முட்டை உடைத்து ஊற்றிக் காட்டும் வீடியோ மட்டும் நான் போட மாட்டேன். கேட்டுக் கேட்டுச் சலித்துப் போகாதீர்கள். முட்டை விற்கிற விலைக்கு அது பாவம்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். போன வாரம் தரை போடும் ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். அளந்தார், 550 சதுர அடி. டிராவர்டைன் கல் போட 11,400 டாலர். பதினோராயிரத்து நானூறு! டிராவர்டைன் தெரியுமல்லவா, சுண்ணாம்புக்கல் வகை, துருக்கியிலிருந்து நிறைய வருகிறது, உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. அவர் சொன்னது: "இந்தக் கல் எந்த நிறத்தில் போட்டாலும் சுடவே சுடாது." சொல்லிவிட்டு இருட்டுச் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் கதவைப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். என்னிடம் போய் நிறம் முக்கியமில்லை என்றால்?

அவர் கொடுத்த சாம்பல் ஒன்று, நான் கேட்டு வாங்கிய வெள்ளை ஒன்று, இரண்டு துண்டையும் வைத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டேன். அப்புறம் துப்பாக்கியை எடுத்தேன். தோசைக்கல் வீடியோவில் வாங்கினேனே, தொடாமல் சூடு பார்க்கும் அதே 32 டாலர் துப்பாக்கி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் வெயிலில் பரப்பினேன், பிற்பகல் மூன்றுக்கு அளந்தேன். எங்கள் தரை 147. சாம்பல் டிராவர்டைன் 143. பார்த்தீர்களா, "சுடவே சுடாத" கல்லுக்கும் என் தரைக்கும் நாலே டிகிரி வித்தியாசம். வெள்ளை டிராவர்டைன் 126. அதே கல், அதே கனம், நிறம் மட்டும் வேறு, பதினேழு டிகிரி குறைவு. எங்கள் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிப் போட்ட செயற்கைப் புல் 171! செல்சியஸில் 77. அந்தப் புல்லை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பார்க்கப் பச்சை, தொட்டால் அடுப்பு. உண்மைப் புல் வேரிலிருந்து தண்ணீரை ஏற்றி ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். இது பிளாஸ்டிக். குடிக்கவும் தெரியாது, வியர்க்கவும் தெரியாது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், கொஞ்சம் பின்னால் போகிறேன். எங்கள் தரை வெறும் கான்கிரீட் இல்லை. அடியில் இருப்பது கூல் டெக். அரிசோனாவில் பழைய வீடுகளில் குளத்தைச் சுற்றி இதுதான் இருக்கும். கான்கிரீட்டின் மேல் மெல்லிசாகச் சிமென்ட்டும் பளிங்குத் தூளும் கலந்த பூச்சு, மேடும் பள்ளமுமாகத் தேய்த்து விட்டிருப்பார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த புண்ணியவான் அதன் மேல் பழுப்பு அக்ரிலிக் பெயிண்ட்டை இரண்டு கோட்டு அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அது எனக்குத் தெரியவே தெரியாது. குளத்து மோட்டாருக்குப் பக்கத்தில் முறம் அளவு இடத்தை மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்தார். அங்கேயும் முழு வெயில்தான். துப்பாக்கியைக் காட்டினால் 129.

இப்போது நன்றாகக் கேளுங்கள், எனக்குத் தூக்கம் கெட்ட இடம் இதுதான். வெள்ளைக் கல் 126, பழைய பூச்சு 129. கல்தான் ஜெயித்தது என்று நினைப்பீர்கள். வெறுங்காலை வைத்து எண்ணினேன். கல்லில் ஏழு எண்ணுவதற்குள் காலை எடுத்துவிட்டேன். பழைய பூச்சில் பதினொன்று வரை நின்றேன்! மூன்று முறை செய்தேன், நடுவில் காலைக் குளத்தில் நனைத்துத் துடைத்துவிட்டுத்தான். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்து, தீ மிதிக்கு ஒத்திகையா என்று கேட்டார். மேடும் பள்ளமுமான பூச்சில் பாதம் மேட்டில் மட்டும்தான் படுகிறது. வழவழ கல்லில் முழுப் பாதமும் ஒட்டுகிறது. அதோடு அடர்த்தியான கல் தன் சூட்டைத் தோலுக்கு வேகமாகத் தள்ளும், காற்றுப் பை உள்ள பொருள் மெதுவாகத் தள்ளும். ஒரே வெயிலில் கிடக்கும் இரும்புக் கரண்டியும் மரக் கரண்டியும் கையில் வேறு வேறாகச் சுடுவது மாதிரி. துப்பாக்கி சொல்வது தரையின் கணக்கு, கால் சொல்வது வேறு கணக்கு.

இன்னொரு மர்மம். படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே ஒரு பட்டை மட்டும் 158. நிழல் இல்லை, கறை இல்லை, அதே பெயிண்ட்தான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பார்த்தால் ஜன்னல் கண்ணாடி. சூட்டை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் லோ-ஈ கண்ணாடி. அது திருப்பி அனுப்பும் வெயில் எங்கே போகும்? என் தரைக்கு. மேலிருந்து ஒரு சூரியன், ஜன்னலிலிருந்து இன்னொரு சூரியன். செயற்கைப் புல்லை உருக்கிவிடுமாம் இந்தக் கண்ணாடி. எங்கள் புல் இன்னும் உருகவில்லை, நான் காத்திருக்கிறேன். வெளிப்பக்கம் கம்பி வலைத் திரை போட்டால் அடங்கும். போட வேண்டும்.

அம்மாவிடம் இதையெல்லாம் போனில் புலம்பினேன். அம்மா அருப்புக்கோட்டையில் இருக்கிறார். சித்திரையில் சாயங்காலம் மொட்டை மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பாய் விரிக்கும் ஆள். நான் முடிப்பதற்குள், "ஏண்டி, கோணிச் சாக்கை நனைச்சுப் போட வேண்டியதுதானே" என்றார். பதினோராயிரத்து நானூறு டாலரை விட்டு இதைக் கேட்க எனக்கு எட்டு நாள் ஆகியிருக்கிறது.

வெறும் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறேன், நாலு நிமிடத்தில் காய்ந்துவிடும். இந்தப் பாலைவனக் காற்று அவ்வளவு வறட்சி. கால் மணி நேரத்தில் தரை பழையபடி கொதிக்கும். ஆனால் அந்த வறட்சிதான் சாக்குக்கு வரம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 500 கிலோ கலோரிக்கு மேல் சூடு வேண்டும், அதைச் சாக்கிலிருந்தும் தரையிலிருந்தும்தான் எடுத்துக்கொள்கிறது. சாக்கு தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகிறது.

சாக்கு வாங்கிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஹார்டுவேர் கடையில் சணல் துணிச் சுருள் 24 டாலர். அதுவும் மூன்று அடி அகலம்தான், கொசுவலை மாதிரி மெல்லிசு! வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியில் காபிக்கொட்டை வறுக்கும் கடை. பின்பக்கம் சாக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டால் ஒன்று மூன்று டாலர். ஏழு எடுத்தால் என்ன தருவீர்கள் என்றேன். அமெரிக்காவில் பேரம் பேசக் கூடாது என்று வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கவே இல்லை. ஏழு சாக்கு, பதினைந்து டாலர்! வீடு முழுக்க மூன்று நாள் காபி வாசம் வேறு. இதைவிடப் பெரிய வெற்றி இந்த வருடம் எனக்குக் கிடைக்காது.

ஆனால் அவசரப்பட்டேன். சாக்கை அலசாமல் நனைத்து, வெள்ளைக் கல் துண்டின் மேலும் ஒரு ஓரத்தைப் போட்டேன். சாயங்காலம் எடுத்தால் கல்லில் டீக் கறை. சணலில் இருக்கும் சாறு தண்ணீரில் இறங்கி, அந்த ஓட்டைகளில் போய் உட்கார்ந்துவிட்டது. நீங்கள் போடுவதாக இருந்தால் முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், கலங்கல் நிற்கும் வரை. கறையைப் போக்குகிறேன் என்று ஆசிட்டை மட்டும் கல்லில் ஊற்றாதீர்கள், சுண்ணாம்புக்கல் நுரைத்துக் கரைந்துவிடும்.

இன்னொன்று, ஹோஸ் பைப். வெயிலில் கிடக்கும் பைப்பில் முதலில் வருவது வெந்நீர், விளையாட்டு இல்லை, கையே வெந்துவிடும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது திறக்காதீர்கள். சூடு போகும் வரை குளத்துக்குள் விட்டுவிடுங்கள். செடிக்கு விட்டு நான் ஒரு துளசியைக் கொன்றிருக்கிறேன், அந்தத் துக்கம் தனி வீடியோவில் இருக்கிறது.

அளவு சொல்கிறேன். ஈரச் சாக்கின் மேல் 91! பக்கத்தில் தரை 147, சாக்கு 91. பையன் அதன் மேல் நின்று ஐஸ் தின்றான். முப்பத்தைந்து நிமிடம் ஈரம் நின்றது, அப்புறம் மறுபடி ஒரு வாளி. குளத்துத் தண்ணீரையே அள்ளி ஊற்றலாம், ஆனால் உப்பும் குளோரினும் சாக்கில் ஏறும், வாரம் ஒரு தடவை அலசுங்கள். குளத்தோரம் நனைந்த துணியில் கால் வழுக்குமா என்று கேட்பீர்கள். சாக்கின் நெசவு முரடு, வழுக்கவில்லை. நுனி சுருண்டு கால் தடுக்கும், அதற்கு இரண்டு மூலையிலும் கல். எந்தக் கல் என்று கேட்காதீர்கள், அந்தச் சாம்பல் டிராவர்டைன்தான்.

இது ஜூனில் ஜோராக வேலை செய்யும். ஜூலையில் மான்சூன் ஈரம் காற்றில் ஏறினால் இவ்வளவு குளிராது. அதனால் சாக்கை மட்டும் நம்பி உட்கார முடியாது. பழைய பூச்சை மறுபடி போட வேறொருவரிடம் விலை கேட்டேன், பெயிண்ட்டைச் சுரண்டி எடுப்பதோடு 2,900. வெளிர் மணல் நிறம் சொல்லியிருக்கிறேன். சுத்த வெள்ளை ஏன் வேண்டாம் என்றால், கண் கூசும், தரையிலிருந்து திரும்பும் வெயில் நம் மேலேயே அடிக்கும். பீனிக்ஸ் நகரம் 2020-இலிருந்து தெருக்களில் வெளிர் பூச்சு அடிக்கிறது. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் அளந்ததில், பகலில் ரோட்டின் சூடு பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்தது, ஆனால் மேலே நிற்கும் ஆளுக்கு நடுப்பகலில் வெக்கை கொஞ்சம் கூடியது. 2,900 சொன்னவர், பூச்சுக்கு மேல் பளபள சீலர் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். நிறமும் இருண்டுவிடும், மேடு பள்ளமும் மூடிப்போகும்.

மேற்குப் பக்கம் நிழல் துணி கட்டுகிறோம். தாழ்வாரத்து நிழலில் இதே பழுப்புப் பெயிண்ட் 108-தான் காட்டியது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கல் கதையில் மறந்துவிட்டேன். கம்பம் நட ஆள் வியாழக்கிழமை வருகிறார். விலையை அவரிடமும் பேசப் போகிறேன், வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவார். அதை எடுத்துப் போடுகிறேன்.

பொறுங்கள், சாக்கு காய்ந்துவிட்டது போல. கேமராவை வைத்துவிட்டு வருகிறேன்.