தராசடியில் கற்கும் தொழில்

(உதகமண்டலத்தில் வணிகவியல், கணினி அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் அரங்கிற்குள் நுழையும்போதே ஒரு மாணவி, "வணிகத் தொழில்நுட்ப ஆலோசகர் ஆவதற்கு எந்த மென்பொருளைப் படிக்க வேண்டும், ஐயா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நான் படித்த மென்பொருள்களில் பாதி இன்று புழக்கத்திலேயே இல்லை என்பதால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு தொழிலில் பணம் எந்த இடத்தில் பிறக்கிறது, எந்த இடத்தில் கசிகிறது, எந்தத் தாள் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இந்த இருபது ஆண்டுகளில் ஒரு நாளும் எனக்குப் பயன்படாமல் போனதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசவிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு வெளியே போக வேண்டியதில்லை. நம் மலைத் தேயிலையே போதும்.

கணினியை அலுவலக வேலைக்கு முதன்முதலில் பூட்டியதே ஒரு தேயிலை வணிக நிறுவனம்தான் என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். லண்டனில் ஜே. லயன்ஸ் என்றொரு நிறுவனம் தேயிலையும் கேக்கும் விற்றது. ஊரெங்கும் தேநீர்க்கடைகள் நடத்தியது. அதன் அலுவலர்கள் இருவர் 1947இல் அமெரிக்காவுக்குச் சென்று, அங்கே உருவாகிக்கொண்டிருந்த மின்னணுக் கணிப்பொறிகளைப் பற்றி அறிந்து திரும்பினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நடந்துகொண்டிருந்த கணிப்பொறிப் பணிக்கு நிறுவனம் 3,000 பவுண்டு கொடுத்தது; அங்கே கற்றதைக் கொண்டு தனக்கென 'லியோ' என்ற கணினியையும் கட்டியது. 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. பின்னாளில் தேயிலைக் கலவைக் கணக்கும் அதன் வேலைகளில் ஒன்றாயிற்று.

இந்தக் கதையில் இயந்திரத்தைவிட எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று. கணினி என்ற எண்ணமே தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அலுவலகத்தில் ஒரு தாள் ஏன் மூன்று மேசைகளுக்குப் போகிறது என்று ஆராய்வதற்காகவே லயன்ஸில் ஒரு தனிப்பிரிவு இருந்தது. அந்த அடித்தளத்தின் பலன், பின்னாளில் லியோ கையாண்ட தேநீர்க்கடைகளின் அன்றாடக் கொள்முதலில் தெரிந்தது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான தேவைப்பட்டியல் இருந்ததால், கடைப் பொறுப்பாளர் முழுப் பட்டியலையும் ஒப்பிக்கவில்லை. வழக்கத்திலிருந்து மாறுவதை மட்டும் தொலைபேசியில் சொன்னார். இயந்திரத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததை மனிதரிடம் மறுபடி கேட்காதே என்ற இந்தப் பாடத்தை இன்றைய செயலிகள் பல இன்னும் கற்கவில்லை.

கணினி ஆலோசனை தனித் தொழிலாகக் கிளைத்ததும் இதே காலத்தில்தான். ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனம், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தொழிற்சாலை ஒன்றின் ஊதியக் கணக்கைக் கணினிக்கு மாற்ற 1950களின் முற்பகுதியில் வழிகாட்டியது. கணக்கர்களின் வீட்டில் பிறந்த தொழில் இது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு வரலாறு வேண்டாம்.

இனி என் சொந்தப் பிழைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையின் உரிமையாளர் என்னை அழைத்து, "எடைக் கணக்கில் தப்பு வருகிறது, விவசாயிகள் சண்டைக்கு வருகிறார்கள், ஒரு ஆப் போட்டுக் கொடுங்கள்" என்றார். போட்டுக் கொடுத்தேன். கொள்முதல் நிலையத்தில் எடை போடுபவர் கைப்பேசியில் எடையைப் பதிந்தால் விவசாயிக்குக் குறுஞ்செய்தி போகும். பழைய கணக்குப் புத்தகம் தேவையில்லை. இரண்டே மாதத்தில் சண்டை இரு மடங்காயிற்று என்று உரிமையாளரே என்னிடம் சொன்னார்.

அதன் பிறகே நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். மாலை மூன்று மணிக்கு ஒரு கொள்முதல் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஓர் அம்மா தலைச்சுமையை இறக்கினார். சாக்கு தராசில் தொங்கியது. முள் அறுபதில் நின்றது. எடை போடுபவர் சாக்கிற்குள் முழங்கை வரை கைவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி கொழுந்தை எடுத்துப் பிழிந்து பார்த்தார். விரலிடுக்கில் நீர் வழிந்தது. "அம்பத்திநாலு" என்றார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கைப்பேசியில் 54 என்று பதிய முயன்றார்; திரை அவர் விரலை மூன்று முறை ஏற்கவில்லை. பதிந்த பிறகும் சிக்னல் இல்லாததால் குறுஞ்செய்தி போகவில்லை. அது அந்த அம்மாவுக்கு இரவு எட்டு மணிக்கு வீட்டில் கிடைத்திருக்கும்.

அறுபதுக்கும் ஐம்பத்துநான்குக்கும் இடையிலுள்ள அந்த ஆறு கிலோதான் சண்டையின் ஊற்றுக்கண். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பசுந்தேயிலை வேண்டும். மழை நீரோடு வரும் இலைக்கு அந்தக் கணக்கு இன்னும் மோசமாகும், வாட்டுவதற்கு விறகும் கூடுதலாகச் செலவாகும். ஆகவே தொழிற்சாலை எடையில் ஒரு பகுதியைக் கழிவாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் அது ஐந்து சதவீதமா பத்து சதவீதமா என்பதை முடிவு செய்வது ஒருவருடைய கைப்பிடி. முன்பெல்லாம் புத்தகத்தில் இரண்டு எண்களும் இருந்தன. கழிவு அதிகம் என்று தோன்றினால் விவசாயி அங்கேயே நின்று வாதாடினார். என் செயலியில் நிகர எடைக்கு மட்டுமே கட்டம் இருந்தது. சண்டைக்குரிய எண்ணையே நான் அழித்துவிட்டு, கணக்கைச் சரிசெய்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உரிமையாளர் பொய் சொல்லவில்லை. அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது கணக்குத் தவறாகத்தான் தெரியும். வாடிக்கையாளர் சொல்வதை நோயாளி சொல்லும் வலியைப் போலக் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு திருத்தினோம். மொத்த எடை, கழிவு, நிகர எடை ஆகிய மூன்றும் பதிவாக வேண்டும். கழிவுக்குக் காரணம் ஈரமா முற்றிய இலையா என்றும் குறிக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கையடக்க அச்சுப்பொறியால் அந்த இடத்திலேயே சீட்டு கொடுத்தோம். சிக்னல் இல்லாத இடத்தில் பதிவுகள் கருவியிலேயே தங்கி, இலை வண்டி தொழிற்சாலைக்கு வந்ததும் அங்குள்ள கணக்கில் ஏறிக்கொள்ளும். லயன்ஸ் கற்பித்தபடி, வழக்கமாக வருவோரின் பெயர்கள் தாமாகவே திரையில் நிற்கும். சச்சரவு நின்றுவிட்டதா என்றால், இல்லை. பேச்சு மாறியது. "உங்கள் கணக்கு தப்பு" என்றவர்கள், "நேற்று எங்கள் பக்கம் மழையே இல்லையே, எதற்குப் பத்து சதவீதம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு உரிமையாளரால் பதில் சொல்ல முடியும், சொல்லியும் ஆக வேண்டும்.

நடைமுறைக்கு இன்னும் சில சொல்கிறேன். சோதனை ஓட்டத்தைப் பனிக்காலத்தில் வைக்காதீர்கள். கொழுந்து குறைந்து, தராசடியில் கூட்டமே இல்லாத நாட்களில் எந்தச் செயலியும் நன்றாகத்தான் ஓடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் ஐப்பசி மழையிலும் ஓட்டிப் பாருங்கள். எது உங்கள் வேலை, எது இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நட்புக்காக இதை விட்டவர்கள் நட்பையும் கட்டணத்தையும் சேர்த்து இழந்ததைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் விற்பவரிடம் தரகு வாங்கிக்கொண்டு அதே மென்பொருளைப் பரிந்துரைப்பவர் விற்பனையாளர்; அப்படியே தம்மை அழைத்துக்கொள்ளட்டும். விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் உங்கள் கையில் வரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுதாகப் படித்துவிட்டு அவற்றைத் தொடுங்கள்.

இந்தத் தொழிலை இங்கிருந்தே கற்கலாம். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் 1965 முதல் இயங்குகிறது. ஏல விலை பசுந்தேயிலை விலையாக மாறி ஒரு விவசாயியின் கணக்கில் பணமாக இறங்கும் வரை எத்தனை கைகள், எத்தனை பதிவுகள் என்று ஒரு பெரிய தாளில் வரைந்து பாருங்கள். ஒரு பருவம் முழுதும் அதற்கே போகும்.

சென்ற ஆண்டு அந்த நிலையத்துக்கு மறுபடி போயிருந்தேன். அந்த அம்மா அச்சுச் சீட்டை வாங்கி, இடுப்பிலிருந்து ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்து, மூன்று எண்களையும் பென்சிலால் அதில் எழுதிக்கொண்டார். உடன் வந்த உரிமையாளர், "இனி இது எதற்கு? நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.