ஹீத்தர் புதருக்கு அடியில் ஒரு ராணுவ முகாம்

வணக்கம் நண்பர்களே. நான் இப்போது நின்றுகொண்டிருப்பது இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள கேனக் சேஸ் என்னும் மேட்டுநிலத்தில். என் பின்னால் ஹீத்தர் புதர்களும், பனியில் காய்ந்து பழுப்பேறிய பெரணியும், ஒன்றிரண்டு பிர்ச் மரங்களும்தான் உங்களுக்குத் தெரியும். முதல் உலகப் போர்க் காலத்தில் இதே வெளியில் பிராக்டன், ரூஜ்லி என்ற பெயர்களில் இரண்டு பயிற்சி முகாம்கள் இருந்தன. இரண்டிலும் சேர்த்து ஒரே சமயத்தில் சுமார் 40,000 பேர் தங்க முடிந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 5 லட்சம் பேர் இவ்வழியே கடந்து சென்றிருப்பார்கள் என்று கணிக்கிறார்கள். ஒரு நகரமே இருந்த இடம் இது.

ஜனவரி மாதத்தில், அதுவும் மாலை மூன்று மணிக்கு நான் ஏன் இந்தக் குளிரில் வந்திருக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். கோடையில் பெரணி இடுப்பளவு வளர்ந்துவிடுவதால் தரையின் வடிவம் கண்ணுக்குப் புலப்படாது. குளிர்காலத்தில் பெரணி படுத்துவிடும், வெயிலும் தாழ்வாகச் சாய்ந்து விழும். அப்போது ஒரு சாண் பள்ளம்கூட நிழலால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதோ, இந்தப் பள்ளத்தைப் பாருங்கள். கேமராவில் ஆழம் தெரியாது என்பதால் என் குடையை இதற்குள் ஊன்றி வைக்கிறேன். குடையின் கைப்பிடி மட்டுமே மேலே நிற்கிறது. ஓர் ஆள் நின்றால் தலை மறையும் அளவுக்கு வெட்டிய பதுங்குகுழி, நூறு ஆண்டுகளுக்கு மேலாக மண் சரிந்து சரிந்து இவ்வளவுக்கு வந்திருக்கிறது. இது நீரோடையோ வாய்க்காலோ அல்ல என்பதற்கு இதன் போக்கே சாட்சி: சில அடி நேராகச் செல்கிறது, சட்டென்று மடங்குகிறது, மறுபடி நேராகி மறுபடி மடங்குகிறது. குண்டு ஒன்று உள்ளே விழுந்தால் அதன் வேகம் அடுத்த மடிப்புக்குள் பாயக்கூடாது, எதிரி ஒரு முனையில் நுழைந்துவிட்டாலும் குழி நெடுகச் சுட முடியக்கூடாது என்பதற்காகவே இப்படி வெட்டினார்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உயிரைக் காக்க வேண்டிய அந்த மடிப்பை, எதிரியின் தோட்டா ஒன்றுகூடப் பாயாத இந்த மேட்டில் மண்வெட்டி பிடித்துப் பழகியிருக்கிறார்கள்.

காலுக்கடியில் இருப்பது கூழாங்கல் நிறைந்த மண். நடப்பதற்கே சலிப்பாக இருக்கிறது. இதை வெட்டியவர்களின் உள்ளங்கைகளை நினைத்துப் பார்க்கிறேன்.

முகாமின் மரக்குடில்கள் ஒன்றும் இங்கே இல்லை. போர் முடிந்ததும் அவற்றைக் கழற்றி விற்றுவிட்டார்கள். அப்படிப் போன ஒரு குடில் கேய்ட்டன் என்ற கிராமத்தில் பல ஆண்டுகள் ஊர்க்கூடமாக இருந்து, பிறகு திரும்பக் கொண்டுவரப்பட்டு, பார்வையாளர் மையத்துக்கு அருகில் மறுபடி எழுப்பப்பட்டிருக்கிறது. மற்றபடி தரையில் சமதளமாக வெட்டிய திட்டுகளும், ஆங்காங்கே கான்கிரீட் துண்டுகளும், 'டாக்கரூ' என்று படைவீரர்கள் அழைத்த ரயில் பாதையின் கரைமேடும்தான் மிச்சம். ஷெர்புரூக் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் சுடுதளங்களின் மண்மேடுகளைக் காணலாம். இருட்டிவிடும் என்பதால் இன்று அங்கே போகவில்லை. மனிதக் கண்ணுக்குத் தப்பிய பல தடங்களை, விமானத்திலிருந்து லேசர் கதிரால் தரையை அளக்கும் லைடார் முறை அண்மை ஆண்டுகளில் வெளிக்கொண்டு வந்திருக்கிறது.

சற்று நடந்து, ஒரு சிறிய கல்லறைக்கு வந்திருக்கிறேன். இதில் உறங்குவது ஃப்ரீடா என்ற கிரேட் டேன் நாய். 1917-இல் பிராக்டன் முகாமுக்கு வந்த நியூசிலாந்து ரைஃபிள் பிரிகேடின் செல்ல நாய் அது. யாரோ இன்றைக்கும் இதைத் துப்புரவாக வைத்திருக்கிறார்கள். அந்தப் படையினரில் பலர் 1918-இன் இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் இங்கேயே இறந்து அருகிலுள்ள ராணுவ மயானத்தில் இருக்கிறார்கள். அதே மயானத்தில் ஜெர்மானியரும் இருக்கிறார்கள்.

கடைசியாக, நான் பார்க்க வந்த இடம். கேமராவைத் திருப்புகிறேன்: புதரைத் தவிர ஒன்றுமே இல்லை, அல்லவா? இந்தப் புதருக்கு அடியில் பெல்ஜியத்தின் மெசீன் கிராமம் இருக்கிறது. 1917 ஜூன் 7 அன்று, சுரங்கங்களில் வைத்த 19 கண்ணிவெடித் தொகுதிகள் வெடித்ததைத் தொடர்ந்து, நியூசிலாந்துப் படை கைப்பற்றிய ஊர் அது. வீடுகள், தெருக்கள், பதுங்குகுழிகள், நிலத்தின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் சிறிய அளவில், பக்கத்துக்குச் சுமார் 40 மீட்டர் நீளத்தில், கான்கிரீட்டாலும் செங்கல்லாலும் இங்கே அமைத்தார்கள். சண்டைக்கு முன் ஒத்திகை பார்க்கச் செய்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. இது 1918-இல், சண்டை முடிந்த பிறகு, புதியவர்களுக்குப் பாடம் சொல்வதற்காகச் செய்தது. கட்டும் வேலையில் இருந்தவர்கள் ஜெர்மானியப் போர்க்கைதிகள். தங்கள் படை தோற்ற ஊரைத் தங்கள் கைகளாலேயே குட்டியாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதை நான் இரண்டு மூன்று முறை படித்து உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

2013-இல் தொல்லியலாளர்கள் இதைத் தோண்டியெடுத்து, அங்குலம் அங்குலமாக லேசரால் பதிவுசெய்துவிட்டு, மழையும் பனியும் அரித்துவிடும் என்பதால் மறுபடி மண்ணால் மூடிவிட்டார்கள். ஆகவே உங்களுக்குக் காட்ட என்னிடம் இந்தப் புதர் மட்டும்தான் இருக்கிறது. காற்றும் பலமாகிவிட்டது, மைக்கில் என் குரல் கேட்கிறதா என்று தெரியவில்லை. குடையை அந்தப் பதுங்குகுழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே போய் எடுத்துக்கொள்கிறேன்.