மணியும் இல்லை, விளக்கும் இல்லை: எலி எப்படித் தப்பியது?

வணக்கம் உறவுகளே. இன்று திருகோணமலையில், பிரட்ரிக் கோட்டைக்குள் நிற்கிறேன், கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகும் வீதியில். இரைச்சல் கடற்காற்றினுடையது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கெமராவை அந்த மரத்தடிப் பக்கம் திருப்புகிறேன். அந்தப் பெண்மானின் தலையை மட்டும் கவனியுங்கள். நாலு வாய் புல் மேய்கிறது, சட்டென்று தலை நிமிர்கிறது, காதுகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்புகின்றன, பிறகு மறுபடியும் குனிகிறது. நாய் குரைக்கவில்லை, ஆட்டோ ஹோர்ன் அடிக்கவில்லை. கச்சான் பையோடு போகிறவர்கள்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் தலை நிமிர்ந்துகொண்டே இருக்கிறது.

இது பிறவிக் குணமா, தெருநாய்கள் கற்றுக்கொடுத்த பாடமா என்று இங்கே நின்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். நான் பேச வந்தது வேறு. முன்னறிவிப்பே இல்லாமல் வரும் துன்பத்தை ஒரு விலங்கால் தவிர்க்கப் பழக முடியுமா?

இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் மரே சிட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். ஆண்டு 1953. அதற்கு முந்திய பரிசோதனைகளில் பெரும்பாலும் ஒரு மணி அடிக்கும் அல்லது விளக்கு எரியும், சில விநாடிகளில் மின் அதிர்ச்சி வரும். விலங்கு மணியைக் கேட்டதும் ஓடித் தப்பிக்கும். சிட்மன் மணியையும் விளக்கையும் எடுத்துவிட்டார். பெட்டிக்குள் ஒரு வெள்ளை எலி, காலடியில் கம்பித் தளம், சுவரில் ஒரு நெம்புகோல். அவ்வளவுதான். எலி சும்மா இருந்தால் உதாரணமாக 5 விநாடிக்கு ஒருமுறை கண நேர அதிர்ச்சி வரும். நெம்புகோலை அழுத்தினால் அடுத்த அதிர்ச்சி 20 விநாடி தள்ளிப்போகும். அந்த 20 முடிவதற்குள் மறுபடி அழுத்தினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். விடாமல் அழுத்துகிற எலிக்கு அதிர்ச்சியே கிடையாது.

வெளியூரில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அம்மாவுக்கு இடைக்கிடை போன் எடுத்துக்கொண்டே இருந்தால் ஏச்சு விழாது. இத்தனையாம் நாள் ஏச்சு வரும் என்று அம்மா அறிவித்தல் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு அழைப்பும் ஏச்சைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

எலிகள் இதைக் கற்றுக்கொண்டன. உடனே அல்ல, தொடக்கத்தில் நிறைய அடி வாங்கின. எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று இருக்கிறது: நன்றாகப் பழகிய எலிகூட ஒவ்வொரு நாளும் பெட்டிக்குள் போனவுடன் கொஞ்ச நேரம் தடுமாறும், சில அதிர்ச்சிகள் வாங்கும், பிறகுதான் நேற்றைய நிதானத்துக்கு வரும்.

சரி, எலி எதைப் பார்த்து அழுத்துகிறது? இங்கேதான் அறிஞர்கள் சண்டை பிடித்துக்கொண்டார்கள். மௌரர் என்ற உளவியலாளர் 1947இல் சொன்ன விளக்கம் எளிமையானது: மணி பயத்தை உண்டாக்குகிறது, விலகி ஓடினால் பயம் குறைகிறது, அந்த நிம்மதிதான் கூலி. மணியே இல்லாத பெட்டிக்கு அந்த விளக்கம் எப்படிப் பொருந்தும்? சிலர் விட்டுக்கொடுக்கவில்லை. கடந்துபோகும் நேரமே மணிதான் என்றார்கள். அழுத்திப் பதினைந்து விநாடி கழிந்துவிட்டால் எலியின் உள்ளே ஏதோ உறுத்துகிறது, அந்த உறுத்தல்தான் முன்னறிவிப்பு என்பது அவர்கள் வாதம். கெட்டிக்காரத்தனமான வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

1966இல் ஹெர்ன்ஸ்டைன், ஹைன்லைன் என்ற இருவர் அந்த நேரக்கணக்கையும் கலைத்துவிட்டார்கள். அதிர்ச்சிகள் ஒழுங்கில்லாமல், குலுக்கல் சீட்டுப்போல வந்தன. நெம்புகோலை அழுத்தினால் அடி விழும் வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. அழுத்திய மறுகணமே அடி விழவும் கூடும், அழுத்தாமல் இருந்து தப்பவும் கூடும். எண்ணிக்கொண்டிருக்க விநாடியும் இல்லை, நம்பிக்கொண்டிருக்க அமைதியும் இல்லை. ஆனாலும் ஏறக்குறைய எல்லா எலிகளும் அழுத்தக் கற்றன. சில எலிகளுக்கு அதற்கு ஆயிரக்கணக்கான அழுத்தங்கள் தேவைப்பட்டன. ஒட்டுமொத்தத்தில் அடி குறைகிறது, அதுவே போதும் என்பது அந்த இருவரின் முடிவு. நேரத்தை மணியாக்கியவர்கள் இதற்கும் பதில் வைத்திருந்தார்கள் என்பது வேறு கதை. நான் ஹெர்ன்ஸ்டைன் பக்கம்.

சிட்மனின் இதே முறையை வைத்து, ஜோசப் பிரேடி என்பவர் 1958இல் குரங்குகளை இரண்டிரண்டாகக் கட்டிவைத்து ஒரு பரிசோதனை செய்தார். ஒன்றுக்கு மட்டும் வேலை செய்யும் நெம்புகோல். அது அழுத்தத் தவறினால் இரண்டுக்கும் அதிர்ச்சி. பொறுப்புச் சுமந்த குரங்குகளுக்கு வயிற்றுப் புண் வந்தது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்: முதலாளிமாருக்கு அல்சர் வருவது இதனால்தான் என்று எழுதித் தள்ளினார்கள். பிறகுதான் ஓட்டை தெரிந்தது. அந்தப் பொறுப்பை எந்தக் குரங்குக்குக் கொடுப்பது என்று சீட்டுப் போட்டு முடிவுசெய்யவில்லை. முன்பே விரைவாக அழுத்தப் பழகிய குரங்குகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பின்னர் ஜே வைஸ் எலிகளில் செய்தபோது விடை தலைகீழானது: அதே அளவு அதிர்ச்சியில், அதிர்ச்சியைத் தடுக்க வழி இருந்த எலிகளுக்குப் புண் குறைவு. ஆனாலும் முதற்செய்தி இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

“ஆபத்து போனபின்னும் எலி ஏன் அழுத்துவதை நிறுத்துவதில்லை?” என்றுதான் கீழே நிறையப் பேர் கேட்கப்போகிறீர்கள். எப்படி நிறுத்தும்? மின்சாரத்தை நீங்கள் துண்டித்துவிட்டது எலிக்குத் தெரியாது. ஓயாமல் அழுத்துகிறது, அடி வரவில்லை. அழுத்துவதால்தான் வரவில்லை என்றாலும் அதன் பார்வையில் எல்லாம் இப்படியேதான் இருக்கும். அழுத்தாமல் இருந்து பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். அந்தச் சோதனையைத்தான் அது செய்வதில்லை.

அதை நிறுத்தவைக்க ஒரு வழி உண்டு. தப்பும் வழியை அடைத்துவிட்டு, விலங்கை அதே இடத்தில் வைத்திருக்க வேண்டும். முதலில் தவிக்கும். ஒன்றும் நடக்காது, மறுபடியும் ஒன்றும் நடக்காது. அப்புறம் வழியைத் திறந்துவிட்டாலும் ஓட்டம் குறைந்துவிடும். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர், ஓயாமல் கழுவிக்கொண்டே இருந்த ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய இதையே செய்தார்: அழுக்கென்று அஞ்சுவதைத் தொடவைத்தார், கழுவவிடாமல் கூடவே ஆள் வைத்தார். இன்றும் அந்த நோய்க்கு முதன்மையான உளவியல் சிகிச்சை அந்த வழியில் வந்ததுதான். அதை அடுத்த காணொளியில் தனியாகப் பேசுகிறேன். ஆனால் வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால், தண்ணீர்க் குழாயை நீங்களாகப் பூட்டிவைக்காதீர்கள், பயிற்சி பெற்ற உளநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.