உண்டியலில் காசு போடுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் போன் பேச்சு எப்படியும் ஒருநாள் இன்சூரன்ஸில் வந்து நிற்கும். மாதாமாதம் பிரீமியம் கட்டியும் டாக்டரைப் பார்த்தால் பில் வருகிறதே என்று புலம்புவார்கள். காரணம், டிடக்டிபிள். வருடத்துக்கு இத்தனை டாலர் வரை செலவு உங்களுடையது. அதைத் தாண்டினால்தான் கம்பெனி தன் பங்கைக் கொடுக்கும்.

இந்தத் தொகை பெரிதாக உள்ள திட்டங்களுக்குத் துணையாக வந்ததுதான் மருத்துவச் சேமிப்புக் கணக்கு. 2003 டிசம்பரில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம்தான் இதைக் கொண்டுவந்தது. போடும் பணத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை, அது வளர்ந்தாலும் இல்லை, வைத்தியத்துக்கு எடுத்தாலும் இல்லை. வேலை மாறினாலும் கணக்கு நம்மோடு வரும். 2025-இல் தனியாள் 4,300 டாலர், குடும்பம் 8,550 டாலர் வரை போட முடிந்தது. சொந்தக் காசு என்றால் நாலு இடம் விலை கேட்டுத்தானே செலவழிப்போம் என்பது ஆதரிப்பவர்களின் வாதம்.

சரி, கண்ணாடி வாங்கும்போது கேட்கலாம். நெஞ்சுவலியோடு ஆம்புலன்ஸில் போகிறவர் எந்த ஆஸ்பத்திரி மலிவு என்று விசாரிப்பாரா? 1970-களில் ராண்டு ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கானோரை வைத்துச் சோதித்தது. கைக்காசு போட வேண்டியிருந்தவர்கள் தேவையில்லாத வைத்தியத்தோடு தேவையானதையும் சேர்த்தே குறைத்துக்கொண்டார்கள். வரிச்சலுகையும் அதிகம் சம்பாதிப்பவருக்கே அதிகம். வாடகைக்கே திணறுபவர் எதை எடுத்துச் சேமிப்பார்?

அதனால்தான் எனக்கு இந்தியானா மாநிலம் முக்கியமாகப் படுகிறது. 2008-இல் ஏழைகளுக்கான திட்டத்தில் இதே மாதிரி ஒரு கணக்கு வைத்தார்கள். ஆனால் உண்டியலில் பெரும்பகுதியை அரசே போட்டது. 2015-இல் கணக்கின் மொத்தத் தொகை 2,500 டாலர். அப்போது பயனாளி தன் வருமானத்தில் சுமார் நூற்றுக்கு இரண்டு கட்டினால் போதுமாக இருந்தது. குறையும் இருந்தது: வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவர் தவணை தவறினால் ஆறு மாதம் திட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. அந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை.

அலாஸ்கா வேறு வழியில் போனது. அதிகச் செலவு வைக்கும் நோயாளிகளின் பில்லுக்குத் தனி நிதி ஒதுக்கியது. கம்பெனிகளின் சுமை குறைந்ததால் 2018-இல் பிரீமியம் இறங்கியது.

அப்புறம், நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள். அந்த இரண்டு மாநிலங்களும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குத் தங்கள் மாநில வரியில் சலுகை தருவதில்லை.