புகைமூட்டமும் நிலமும்

வணக்கம் நேயர்களே. 2013 ஜூன் 21 மதியம் நம்ம சிங்கப்பூர்ல காத்து எவ்வளவு மாசுன்னு காட்டுற பிஎஸ்ஐ குறியீடு 401 தொட்டுச்சே, ஜன்னலை எல்லாம் சாத்திட்டு வீட்டுக்குள்ளயே கிடந்தோம். அப்ப எல்லாரும் கேட்டது இந்தோனேசியாவுல நிலத்தை யாரு கொளுத்துறாங்கன்னு. காட்டுப் பொருளாதாரம் படிக்கிற எனக்கு ஏன் கொளுத்துறாங்கங்கிறதுதான் பெரிய கேள்வி.

சாட்டலைட் படம் நெருப்பு எங்கேன்னு காட்டிடும், அந்த நிலம் யாருதுன்னு காட்டாது. சுமத்ராவுலயும் காலிமந்தான்லயும் இருக்கிற பீட் மண், அதாவது செடிகொடி பாதி மக்கிச் சேர்ந்த மண், இயற்கையா தண்ணில ஊறித்தான் கிடக்கும், செம்பனை போடவும் காகித மரம் வளர்க்கவும் கால்வாய் வெட்டித் தண்ணிய வடிச்சிட்டா காய்ஞ்சு போயிடும், அப்புறம் பிடிச்ச தீ மண்ணுக்கு அடியிலயே வாரக்கணக்குல புகையும். நிலத்தைத் துப்புரவாக்க நெருப்பை விட மலிவானது இல்ல, மெஷின் வாடகைக்கு எடுக்க சின்ன விவசாயிகிட்ட காசு ஏது? அதோட பல இடத்துல கம்பெனி ஒரு பேப்பர் வச்சிருக்கும், கம்பத்து, அதாவது கிராமத்து ஜனங்க பாட்டன் காலத்துலேர்ந்து எங்களுதும்பாங்க, அரசாங்க மேப் வேற ஒண்ணு சொல்லும். அங்க எரிச்சு நட்டு வைக்கிறதே உரிமை கொண்டாடுற வழியா ஆகிடுது.

எல்லை தாண்டி வர்ற புகைக்கு எதிரான நம்ம 2014 சட்டம் கண்டிப்பா வேணும், புகைக்குக் காரணமான கம்பெனிக்கு நாளுக்கு ஒரு லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம். ஆனா பட்டா இல்லாத விவசாயிக்கு அதுல பதில் கிடையாது.

காட்டை ஜனங்க கையில விட்டா அழிச்சிடுவாங்கன்னு ரொம்ப காலம் நம்பிட்டு இருந்தாங்க. அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மா நேரா கள ஆய்வுகளை எடுத்துப் பார்த்தாங்க. சுவிட்சர்லாந்துல ஒரு மலைக் கிராமம், குளிர்காலத்துல தீனி போட்டுக் காப்பாத்த முடியுற அளவு மாட்டைத்தான் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம்னு 1517லேயே எழுதி வச்சிருக்காங்க! ஊரே விதி போட்டு ஊரே கண்காணிச்சா பொதுச்சொத்து நிலைக்கும்னு காட்டினதுக்கு 2009ல நோபல் பரிசு. மேற்கு வங்கம் அராபாரியில 1970கள்ல காட்டிலாகா அதிகாரி அஜித் குமார் பானர்ஜி, காவல் காத்தா வருமானத்துல கால் பங்கு உங்களுக்குன்னு ஜனங்ககிட்ட பேசினாரு, மொட்டையா கிடந்த சால் மரக் காடு திரும்பத் தழைச்சுச்சு.

இந்தோனேசியாவுலயும் 2013ல அரசியல் சாசன நீதிமன்றம் பாரம்பரியக் காடுகள் அரசுக் காடு இல்லன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா எல்லை எதுன்னு கிராமம் கிராமமா உட்கார்ந்து வரையணுமே. பொருளியல், சமூகவியல் படிக்கிற நம்ம பிள்ளைங்க அதுக்குப் போகணும், மலாய் பேசத் தெரிஞ்சவங்க கட்டாயம் போகணும்னு கேட்டுக்கிறேன்.